சாவியைக் கொடுக்காதே என்று சொன்ன வாரம்

தென்காசி கோர்ட்டில் இந்த வருஷம் புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டியிருக்கும் நீங்கள் நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். கேட்க வந்த பெண், "ஜெயிச்ச கேஸா பாத்து எழுதுங்க மேடம், படிக்கதுக்கு நல்லாருக்கும்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். ஜெயித்த கேஸ்களை வீட்டில் சொல்லிச் சொல்லி, இப்போது நான் வாயைத் திறந்தாலே என் வீட்டுக்காரர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறார். உங்களையும் அந்தக் கதிக்கு ஆளாக்க எனக்கு மனமில்லை. இது தோற்ற கேஸ். தோற்றது என்று சொல்வதுகூட என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பேச்சுதான். நான் கெடுத்த கேஸ்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றபடி எதையும் மாற்றவில்லை.

நான் தொழில் பழகிய சீனியருக்கு வாடகை வழக்குகள்தான் சாப்பாடு. வாடகைக்கு இருப்பவர் யார் வந்து உட்கார்ந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சாவி யார்ட்ட இருக்கு?" தன்னிடம் இருக்கிறது என்று வந்தவர் சொன்னால், சீனியர் நாற்காலியில் சாய்ந்துகொள்வார். "அப்ப ஒண்ணும் பயப்படாண்டாம். என்ன ஆனாலும் சாவிய மட்டும் விட்டுராதீரும்" என்பார். ஆலோசனை முடிந்தது.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நம் பக்கம் கடை பிடிக்கிற முறை உங்களுக்குத் தெரியாததில்லை. கையில் கொடுக்கிற அட்வான்ஸ் ஒன்று, பத்திரத்தில் எழுதுகிற அட்வான்ஸ் வேறு. ஐந்து லட்சம் எண்ணி வைத்திருப்பார்கள், ஒரு லட்சம் என்று எழுதியிருப்பார்கள். மிச்ச நாலுக்கு வாய்ப்பேச்சுதான் சாட்சி. கடைச் சாவி வாடகைக்காரர் இடுப்பில் இருக்கும் வரைதான் அந்தப் பேச்சுக்கு மரியாதை. சாவி கை மாறிவிட்டால் அட்வான்ஸ் கதை அதோடு சரி. இப்படி எத்தனையோ பேர் ஏமாந்து வந்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் சீனியர் சொன்னதை நானும் வேதமாகப் பிடித்துக்கொண்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் அது என்னைக் கைவிட்டதில்லை.

அந்த வருஷம் கார்த்திகை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது மலையில் மழை கொட்டியது. குற்றாலத்தில் மெயின் அருவித் தண்ணீர் கடை வீதிக்குள் வந்துவிட்டது. ஐயப்ப சாமிகள் கூட்டத்தை நம்பி எல்லாரும் சரக்கு இறக்கி வைத்திருந்த நேரம். தண்ணீர் வடிந்தபோது கடைகளுக்குள் இடுப்பளவு சேறும், மலையிலிருந்து உருண்டு வந்த மரத்தடிகளும் கிடந்தன.

அடுத்த வாரம் முழுக்க என் ஆபீஸ் மாடிப்படி சேற்றுக் காலடியாகத்தான் இருந்தது. கடைக்காரர்கள் வந்தார்கள், கட்டடக்காரர்களும் வந்தார்கள். இரண்டு தரப்பும் சொன்னது ஒரே வசனம்: "தண்ணி நானா விட்டேன்?" கடைக்காரர் அதைச் சொல்லி வாடகை தர முடியாது என்றார். கட்டடக்காரர் அதையே சொல்லி வாடகை வேண்டும் என்றார்.

சட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளத்தாலோ தீயாலோ கட்டடம் இனிப் பயன்படாது என்ற நிலைக்குப் போனால், குத்தகை முடிந்தது என்று அறிவிக்கும் உரிமை வாடகைக்கு இருப்பவருக்கு உண்டு. ஆனால் அவர் அதை வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு இடத்தை ஒப்படைக்க வேண்டும். பூட்டையும் போட்டு வைத்துக்கொண்டு வாடகையும் தரமாட்டேன் என்றால் எந்தக் கோர்ட்டும் ஒத்துக்கொள்ளாது. அதே வாரம் சிற்றாற்றங்கரையில் குடியிருந்த ஒரு டீச்சர் வந்தார். அடுப்படியோடு பாதி வீட்டை ஆறு கொண்டு போயிருந்தது. வீட்டுக்காரர் அந்த மாத வாடகையைக் கேட்டுப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் நோட்டீஸ் எழுதி, சாவியையும் கவரில் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னேன். போன் நின்றுவிட்டது. டீச்சர் ஒரு சீப்பு பழத்தோடு வந்து நன்றி சொன்னார். எனக்கும் கொஞ்சம் தலைக்கு ஏறித்தான் இருந்தது.

அந்தப் பழம் தீருவதற்குள் சம்சுதீன் பாய் வந்தார்.

பாய் கடையநல்லூர்க்காரர். பதினேழு வருஷம் துபாயில் இருந்துவிட்டு, இனிப் போவதில்லை என்று முடிவெடுத்து ஊர் வந்தவர். சேர்த்து வைத்திருந்ததில் ஐந்து லட்சத்தை அட்வான்ஸாகக் கொடுத்து, குற்றாலத்தில் கடை பிடித்திருந்தார். துண்டு, கைலி, குளிக்கிற டவுசர், எண்ணெய், சோப்பு. துண்டும் கைலியும் அவர் ஊர்த் தறியிலேயே எடுப்பார். கடை தொடங்கி ஒரு சீசன்தான் பார்த்திருந்தார். அதற்குள் வெள்ளம்.

கட்டடம் இலஞ்சிக்காரர் ஒருவருடையது. போலீசில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், ஊரே அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிடும். ரிட்டயர்மென்ட் பணத்தோடு பேங்கில் லோன் போட்டுக் கட்டிய கட்டடம். பின்சுவர் ஓடைப் பக்கம்.

இரண்டு பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். ஏட்டையா ஓட்ட, பாய் பின்னால் உட்கார்ந்து வந்ததை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அந்த வாரத்தில் அப்படி ஒரே வண்டியில் வந்த கட்டடக்காரரும் கடைக்காரரும் அவர்கள் மட்டும்தான். அதைப் பார்த்தபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

ஏட்டையாதான் பேசினார். "யம்மா, எங்களுக்குள்ள சண்ட ஒண்ணும் கெடையாது. பின்சுவரு சரிஞ்சு நிக்கி. இடிச்சுட்டுத்தான் கெட்டணும். சாவிய வாங்கி இப்பமே வேலைய ஆரம்பிச்சா ஆனி சீசனுக்குள்ள முடிச்சிருவேன். முடிச்சு பாய்ட்டயே குடுத்துருதேன். அதுவரைக்கும் எனக்கு வாடகை வேண்டாம். இத ஒரு பேப்பர்ல எழுதித் தந்தீங்கன்னா ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுருவோம்."

வெளியே பெஞ்சில் பத்துப் பேருக்கு மேல் காத்திருந்தார்கள். ஏட்டையாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னேன். அவர் எழுந்து போகும்போது, "பேசுங்க, பேசுங்க" என்று பாயைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

"அட்வான்ஸ் எவ்வளவு பாய்?"

"அஞ்சு மேடம். பத்திரத்துல ஒண்ணு."

"சாவி?"

பாய் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

"எடுத்து உள்ள வைங்க பாய். இத அவர்ட்ட குடுத்துராதீங்க. நாளைக்குப் புதுக் கட்டடத்த பாத்துட்டு வேற ஆளு கூடுதலா வாடகை தாரேன்னு வந்தா, நீங்க அஞ்சு லட்சத்துக்கு எங்க போயி நிப்பீங்க?"

"ஏட்டையா அப்பிடிப்பட்ட ஆளு இல்ல மேடம்."

"மொதல்ல எல்லாரும் அப்பிடித்தான் பாய்."

அவர் சாவியை எடுத்து, காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டினார். பிறகு சொன்னார்: "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் மேடம். திரும்ப பிளைட் ஏறக் கூடாது. எம்மவ பெறந்தப்ப நான் இங்கன இல்ல, அவளுக்கு அஞ்சு வயசு வரைக்கும் நான் போன்ல வார ஆளுதான். இந்தக் கட இருந்தா நான் இங்கன இருப்பேன். அதுக்கு எது சரியோ அதச் சொல்லுங்க."

நான் யோசிக்கவே இல்லை. சாவியை விடாதீங்க என்று மறுபடி சொன்னேன்.

உண்மையில் செய்ய வேண்டியது என்ன என்று உங்களில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவீர்கள். ஏட்டையா வெளியே பெஞ்சில்தான் இருந்தார். கையெழுத்துப் போடத்தான் வந்திருந்தார். ஐந்து லட்சம் வாங்கியது உண்மை, ஆனியில் கடையைத் திருப்பித் தருவேன், அதுவரை வாடகை கிடையாது என்று மூன்று வரி எழுதி நீட்டியிருந்தால் அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் போட்டிருப்பார். முப்பது வருஷமாக எந்த வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இல்லை என்று புலம்பினேனோ, அந்தச் சாட்சி என் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தது. எழுதி, இருவருக்கும் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க ஒரு மணி நேரம் ஆகும். சாவியை விடாதே என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். வெளியே கூட்டம் இருந்தது. நான் ஒரு நிமிஷத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

பாய் வெளியே போய் என்ன சொன்னாரோ தெரியாது. ஏட்டையா உள்ளே வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னலில் பார்த்தபோது மோட்டார் சைக்கிள் அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. பாய் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

அப்புறம் நடந்ததெல்லாம் வழக்கமானதுதான். கடை பூட்டியே கிடந்ததால் பின்சுவர் வேலை தொடங்க முடியவில்லை. லோன் தவணை ஏட்டையா கழுத்தைப் பிடித்தது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் ஒரு வக்கீலைப் பிடித்து, சாவியைத் தா அல்லது வாடகையைத் தா என்று நோட்டீஸ் அனுப்பினார். மரியாதையான நோட்டீஸ்தான். நான் பதில் போட்டேன். அதில் கட்டடம் ஓடைப் புறம்போக்கை ஒட்டிக் கட்டப்பட்டது என்று ஒரு வரி சேர்த்தேன். கேஸுக்கு அந்த வரி தேவையே இல்லை. ஆனால் ஆக்கிரமிப்பு என்று இடித்துவிடுவார்களோ எனக் கட்டடக்காரரைப் பயமுறுத்த அதைவிட நல்ல வரி கிடையாது. இப்போது நீங்கள் போனில் யாரோ எழுதிய நோட்டீஸை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். அதை நான் குறை சொல்ல மாட்டேன். நான் சொந்தமாக யோசித்து எழுதிய வரி இதைவிட மோசம்.

ஏட்டையா கேஸ் போட்டார். அட்வான்ஸ் ஒரு லட்சம்தான் என்று மனுவில் இருந்தது. முதல்முறையாக அவர் பொய் சொன்னார். அந்தப் பொய்யை அவர் வாயில் வைத்தது நான்.

ஆனி வந்தது. நல்ல சாரல். சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனேன். கடை வீதி முழுக்க விளக்கும் சத்தமுமாக இருந்தது. பாயின் கடை மட்டும் பூட்டிக் கிடந்தது. அதற்கு எதிரே, ரோட்டோரம், தோளில் ஒரு அடுக்கு, கையில் ஒரு அடுக்கு என்று துண்டுகளைச் சுமந்துகொண்டு பாய் நின்று கூவிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். என்னைப் பார்த்ததும் சிரித்து, என் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"நம்ம கேஸு எப்பிடியும் ஜெயிச்சிரும்லா மேடம்?" என்று கேட்டார்.

இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். மற்றதையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், ஏட்டையாவின் வக்கீல் கோர்ட் வராண்டாவில் என்னை நிறுத்திப் பேசியிருந்தார். "எங்காளு இன்னமும் பழைய பேச்சுக்கே நிக்காரு மேடம். சாவிய குடுத்தா வாடகைய மொத்தமா விட்டுருதாராம். வேலைய முடிச்சு அடுத்த சீசனுக்குப் பாய்க்கே தாரேங்காரு. அட்வான்ஸ் விஷயத்தையும் உள்ளபடி எழுதிக்கிடலாம்னு சொல்லுதாரு. உங்காள்ட்ட கேட்டுச் சொல்லுங்க." கேட்டுச் சொல்கிறேன் என்று தலையாட்டினேன். அன்று சாயங்காலமே சட்டப் புத்தகத்தை எடுத்து, வெள்ளத்தைப் பற்றிய அந்தப் பிரிவை இன்னொரு தடவை படித்தேன். பூட்டு நம்முடையதாக இருக்கும் வரை வாடகை ஏறிக்கொண்டேதான் இருக்கும், இந்தக் கேஸ் நிற்காது என்பது எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. பாயைக் கூப்பிட்டு, ஒத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவேண்டியதுதான். ஆனால் அப்படிச் சொன்னால் அவர் கேட்பார்: அன்றைக்கே கொடுத்திருக்கலாமே மேடம், எதற்காக ஏழு மாதம்? அந்தக் கேள்விக்குப் பயந்தேன். அவரிடம் சொல்லவில்லை. அந்த வக்கீல் மறுபடி கேட்டபோது, எங்கள் ஆள் சம்மதிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

இதெல்லாம் மனதில் இருக்கும்போதுதான், இரண்டு கையிலும் துண்டை வைத்துக்கொண்டு பாய் அப்படிக் கேட்டார்.

"ஜெயிக்கும் பாய்" என்றேன்.

விசாரணையில் நீதிபதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வெள்ளம் வந்த நாளிலிருந்து இன்று வரை கடைச் சாவி யாரிடம் இருக்கிறது? எங்களிடம் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். தீர்ப்பு அன்றைக்கே முடிந்துவிட்டது, தேதி மட்டும் பின்னால் வந்தது. கடையை ஒப்படைக்க வேண்டும். அத்தனை மாத வாடகையும் பாக்கி. பத்திரத்தில் உள்ள ஒரு லட்சத்தைக் கழித்துக்கொள்ளலாம். கழித்த பிறகும் பாய்தான் தர வேண்டியிருந்தது. மனைவியின் நகையை விற்றுக் கட்டினார் என்று பிறகு தெரிந்தது.

தீர்ப்பன்று ஏட்டையா வராண்டாவில் என் முன்னால் வந்து நின்றார். ஜெயித்த முகமே இல்லை. "யம்மா, அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் ஒரே வண்டியில வந்தோம். நீங்க ரெண்டா பிரிச்சு அனுப்பிட்டீங்க" என்றார். அந்த வருஷமே கட்டடத்தைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டார். லோன் அவரை விடவில்லை. இரண்டு வருஷத்தில் தவறியும் போனார். நான் துக்கத்துக்குப் போகவில்லை. போகிற தைரியம் இல்லை.

பாய் பயணம் சொல்ல வந்தார். மச்சான் ஒருவர் மூலமாக விசா கிடைத்திருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? நீதிபதி நம் பக்கத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்றேன். அப்பீல் போகலாம் என்றேன். நாக்கு கூசாமல் சொன்னேன். அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். "நீங்க என்ன செய்வீங்க மேடம். உங்களால முடிஞ்சத நல்லாத்தான் செஞ்சீங்க. ஏட்டையா மனசு இப்பிடி மாறும்னு யாரு கண்டா?" மிச்ச பீஸை மேஜையில் வைத்தார். நான் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை, வைத்துவிட்டுத்தான் போனார். நான் அதை எடுத்துக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். வெள்ளத்துக்குப் பிறகு வருகிறவரிடம் பழைய விதியை ஒப்பிக்காதீர்கள், கட்டடத்தைப் போய்ப் பாருங்கள், சமாதானமாக வருகிறவர்களுக்கு எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். இதெல்லாம் சரிதான். இவை தொழில் சமாச்சாரம், நீங்களே கற்றுக்கொள்வீர்கள். தப்பான யோசனை சொல்லாத வக்கீல் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பு சொன்ன வார்த்தையைக் கட்சிக்காரரிடம் கொண்டுபோய்ச் சேர்க்காமல் விழுங்குவது தப்பு இல்லை, துரோகம். அதை நான் செய்தேன். யாருக்கும் தெரியாததால் தொடர்ந்து என்னை நல்ல வக்கீல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதை எழுதி முடித்ததும், உங்களிடம் கொடுப்பதற்கு முன்னால் பாயிடம் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. போன வெள்ளிக்கிழமை போன் செய்தேன். இன்னும் துபாயில்தான் இருக்கிறார், ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு அடுக்குகிறார். வயது அறுபதைத் தொட்டுவிட்டது. குரலைக் கேட்டதும் அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. மகளுக்கு நிக்காஹ் முடிந்ததைச் சொன்னார். நாலு நாள் லீவில் வந்து போனாராம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோர்ட் வராண்டாவில் அந்த வக்கீல் சொன்னது, நான் மறைத்தது, அதற்குப் பிறகு அருவிக்கரையில் அவர் முகத்தைப் பார்த்து ஜெயிக்கும் என்று சொன்னது, ஒன்றையும் விடவில்லை.

நான் நிறுத்தியதும் அவர் ஏட்டையா பேச்சைத்தான் எடுத்தார்.

"அந்த சீசன் முழுக்க ஏட்டையா அந்த வழியா போவாவ மேடம்" என்றார். "என்னியப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கிடுவாவ. நானும் திருப்பிக்கிடுவேன். நம்மள ஏமாத்தப் பாத்த மனுசன்னு எனக்கு அவிய மேல அவ்வளவு கோவம். அவிய சாவுக்குக்கூட நான் ஒரு போன் போடல."

அப்புறம், கோபமில்லாத அதே குரலில் சொன்னார்: "இத அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, சாவிய எடுத்துட்டு இலஞ்சிக்கு நடந்தே போயிருப்பேனே மேடம். நான் எம்புள்ளயளோட இருந்திருப்பேனே."

பின்னால் யாரோ அவரை வேலைக்குக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டார்.